பிள்ளைக்குக் காணாக்கடி: வீட்டு வைத்தியமா, சிரப்பா, ஊசியா, அலர்ஜி டெஸ்ட்டா?

"ஊசி போட்டுரவாண்ணே, இல்ல சிரப்பு குடுத்தாப் போதுமா?" மேலூரில் நான் நடத்தும் மருந்துக் கடையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இடுப்பில் இருக்கும் பிள்ளையின் வயிறு, முதுகு, தொடை எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருக்கும். டாக்டர்கள் அர்ட்டிகேரியா என்று சொல்லும் காணாக்கடி இது. சொறிந்து சொறிந்து அழுது ஓய்ந்திருக்கும். அப்பா ஊசி என்பார். அப்பத்தா வேப்பிலை என்பார். மதுரைக்குக் கூட்டிப் போய் அலர்ஜி டெஸ்ட் எடுத்துவிடு என்று சித்தப்பா போனில் சொல்லியிருப்பார். மத்தியானம் கொடுத்த முட்டைதான் வினையாகிவிட்டதோ என்று அம்மா தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

அந்த அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடிப்பு எவ்வளவு பயங்கரமாகத் தெரிகிறது என்பதை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது, ஒரு தடிப்பு எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை வாரமாகத் தொடர்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் எந்த வழி சரி என்பது ஏறக்குறைய தானாகவே தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் பார்க்கிறேன். பிள்ளைக்குப் பாதுகாப்பானதா? அரிப்பை எவ்வளவு சீக்கிரம் அடக்கும்? காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுமா? கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? இந்த நான்காவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பணத்தை மட்டும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை தூங்கி விழுவது, மாதக்கணக்கில் முட்டையும் மீனும் இல்லாமல் வளர்வது, தேவையில்லாமல் ஒரு மருந்து "ஆகாது" என்று ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்வது எல்லாமே செலவுதான்.

எடை போடும் முன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தோலில் மாஸ்ட் செல்கள் என்று சில உயிரணுக்கள் இருக்கின்றன. அவை தூண்டப்படும்போது ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அதனால் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோல் வீங்குகிறது, அரிக்கிறது. கசிந்த நீர் திரும்ப உறிஞ்சப்பட்டதும் தடிப்பு அமுங்கிவிடும். ஒரு இடத்துத் தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தடமே இல்லாமல் மறைந்து, வேறொரு இடத்தில் புதிதாகக் கிளம்புவது இதனால்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதை மிக அதிகமாகத் தூண்டிவிடுவது சாப்பாடு இல்லை. சளி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு தரும் வைரஸ் கிருமிகள்தான். காய்ச்சல் விட்ட பிறகு, பிள்ளை ஓடியாடத் தொடங்கிய நாளில்கூடத் தடிப்பு கிளம்பலாம். சில நாள், சில சமயம் ஓரிரு வாரம், வந்து வந்து போய்விட்டு நின்றுவிடும். என்ன காரணம் என்றே தெரியாமல் ஓய்ந்துபோவதும் நிறைய.

## ஒப்பிட நேரமில்லாத நிலை

கீழே சொல்லப்போகிற எந்த வழியும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. தடிப்போடு சேர்ந்து மூச்சு இழுப்பு, இளைப்பு, குரல் கம்முவது, நாக்கு அல்லது தொண்டை வீங்குவது, ஓயாத வாந்தி, தலைசுற்றல், துவண்டு விழுவது, வெளிறிப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெறும் தோல் பிரச்சினை இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். அல்லது கையில் கிடைத்த வண்டியில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்து வழியில் இருக்கும் அரசு மருத்துவமனையைத் தாண்டிப் போகாதீர்கள்.

அங்கே அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. உயிரைக் காப்பாற்றுகிற மருந்து அதுதான். அலர்ஜி சிரப்போ, வழக்கமான அலர்ஜி ஊசியோ, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டோ அதற்கு ஈடாகாது. தடுப்பூசி போடும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அட்ரினலின் வைத்திருப்பார்கள். போகும் வழியில் பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். நடக்க விடாதீர்கள். குளவியோ தேனீயோ கொட்டியிருந்தால், முந்திரி, வேர்க்கடலை, இறால் போன்றவற்றைத் தின்ற சில நிமிடங்களில் ஆரம்பித்திருந்தால், கூடுதல் கவனம் வேண்டும்.

உதடும் கண் இமையும் மட்டும் வீங்கியிருப்பது பார்க்கப் பயமாக இருக்கும். மூச்சு, குரல், நாக்கு சரியாக இருந்தால் அது தனியாக உயிருக்கு ஆபத்தானதில்லை. ஆனாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

## முதலில், அது காணாக்கடிதானா?

நம் ஊரில் தோலில் தடித்து அரிக்கிற எல்லாவற்றுக்கும் காணாக்கடி என்றே சொல்லிவிடுகிறோம். சிகிச்சை அங்கேதான் திசை மாறுகிறது. நான் வருகிறவர்களிடம் சொல்வது ஒரு சுலபமான வேலை: ஒரு தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை இதே நேரம் பாருங்கள். கோட்டுக்குள் ஒன்றும் இல்லையென்றால் அது காணாக்கடிதான், கவலையில் பாதி குறைந்தது.

கோட்டுக்குள் அப்படியே நின்றால் வேறு எதையாவது நினைக்க வேண்டும். கால், கை என்று திறந்திருக்கும் இடங்களில் மட்டும் சின்னச் சின்னதாகக் கூட்டமாக, நடுவில் புள்ளியோடு, நாள்கணக்கில் நின்றால் பெரும்பாலும் கொசு அல்லது மூட்டைப்பூச்சிக் கடிக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு. அதற்குக் கொசுவலையும் பாய், மெத்தையை வெயிலில் போடுவதும்தான் முக்கிய வைத்தியம். விரல் இடுக்கில், தொப்புளைச் சுற்றி, ராத்திரியில் அதிகமாக அரித்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்கு. மொத்தக் குடும்பமும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கழுத்திலும் முதுகிலும் கடுகு மாதிரி வருவது வேர்க்குரு. நீர் கோத்த கொப்புளங்கள் காய்ச்சலோடு வந்தால் அம்மை.

முருங்கை மரம் உள்ள வீடுகளில் கம்பளிப்பூச்சியை மறந்துவிடுகிறார்கள். மரத்தடியில் விளையாடிய பிள்ளைக்குக் கழுத்திலும் கையிலும் திடீரென்று தடித்தால், அல்லது கொடியில் காயப்போட்ட சட்டையைப் போட்டதும் தடித்தால், பூச்சியின் ரோமம் குத்தியிருக்கலாம். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, அந்தச் சட்டையையும் துவைக்க வேண்டும்.

இன்னொன்றைத் தள்ளிப் போடக் கூடாது. ஒரு கண்ணாடி டம்ளரைத் தடிப்பின் மேல் அழுத்திப் பாருங்கள். காணாக்கடி அழுத்தத்தில் வெளுக்கும். வெளுக்காத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் இருந்தால், அதிலும் காய்ச்சல் இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முழங்காலுக்குக் கீழும் பிட்டத்திலும் அப்படிப் புள்ளிகள் வந்து வயிறும் மூட்டும் வலித்தால் அன்றைக்கே குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும். சிறுநீரைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

## வழி 1: வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

பிள்ளை விளையாடுகிறது, சாப்பிடுகிறது, அரிப்பு பொறுக்கக் கூடியதாக இருக்கிறது என்றால் ஓரிரு நாள் வீட்டில் பார்ப்பது முழுக்க நியாயமான வழி. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியை ஒற்றி எடுப்பது, தளர்வான பருத்திச் சட்டை, நகத்தை ஒட்ட வெட்டுவது, காலமைன் லோஷன் பூசுவது போதும். வெந்நீரில் குளிப்பாட்டாதீர்கள், சூடு தோலின் ரத்தக் குழாய்களை விரித்து அரிப்பைக் கூட்டும். கம்பளியால் தேய்த்துவிடும் பழக்கமும் அப்படித்தான். உரசல் தானே தடிப்பைத் தூண்டும்.

வேப்பிலையைப் படுக்கையில் போடுவதும், திருநீறு பூசி மந்திரிப்பதும் பிள்ளைக்குக் கெடுதல் செய்யப் போவதில்லை. ஒரு தடிப்பு சில மணி நேரத்தில் தானாகவே அமுங்குகிற நோய் என்பதால், அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் அதுவே குணமாக்கியது போலத் தோன்றும். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருக்கும்போது இதற்காக அரை மணி நேரம் போக்குவதுதான் தவறு.

ஆனால் வீட்டு வைத்தியம் என்ற பெயரில் இரண்டு பொருள்களைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்கிறேன். ஒன்று, வேப்பெண்ணெயை வாய்வழி கொடுப்பது. கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளைப் பாதிப்பு வரை கொண்டுபோயிருக்கிறது. இரண்டு, கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயைச் சின்னக் குழந்தை உடம்பெங்கும் பூசுவது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாய்க்குள் போனால் சிறிதளவே வலிப்பை உண்டாக்கப் போதும். அருகம்புல்லும் மிளகும் தட்டிக் கொதிக்க வைத்துக் கொடுப்பது பல வீடுகளில் இருக்கிறது. பெரிய பிள்ளைக்கு ஒரு வேளை கொடுத்தால் ஆபத்தென்று சொல்ல மாட்டேன், ஆனால் காணாக்கடியைத் தீர்க்கும் என்று நம்பி நாளைக் கடத்தவும் சொல்ல மாட்டேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எதிலும் தேன் சேர்க்காதீர்கள்.

இந்த வழியின் கண்ணுக்குத் தெரியாத செலவு தூக்கம். அரிப்பில் பிள்ளை ராத்திரி முழுதும் முழித்தால் அம்மாவும் முழிக்கிறார். அப்படியானால் இரண்டாவது வழிக்கு வந்துவிடுவதே நல்லது.

## வழி 2: அலர்ஜி சிரப்

காணாக்கடிக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்து இதுதான்: ஹிஸ்டமின் வேலை செய்யாமல் தடுப்பது. ஆனால் "அலர்ஜி சிரப்பு" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு தலைமுறை மருந்துகளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். இரண்டும் ஒன்றல்ல.

| | பழைய வகை | புதிய வகை |
|---|---|---|
| பெயர்கள் | குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின், ஹைட்ராக்ஸிசின், புரோமெத்தசின் | செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் |
| தூக்கம் | நன்றாகவே வரும். மறுநாளும் மந்தம் இருக்கலாம் | குறைவு. செட்ரிசினில் சில பிள்ளைகளுக்கு வரும் |
| கொடுக்கும் முறை | பெரும்பாலும் ஒரு நாளைக்குப் பல வேளை | பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு வேளை |
| பள்ளி செல்லும் பிள்ளை | கவனம், படிப்பு பாதிக்கும் | பொருந்தும் |
| என் தேர்வு | டாக்டர் சொன்னால் மட்டும் | முதல் தேர்வு |

"ராத்திரி நல்லா தூங்கினா" என்பதால் பழைய மருந்தே நல்லது என்று பல அம்மாக்கள் நம்புகிறார்கள். அது மூளையைத் தூங்க வைத்து அரிப்பை மறக்கடிக்கிறது. தடிப்பை அடக்குவதில் புதிய வகையை மிஞ்சுவதில்லை. புரோமெத்தசினை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சை அடக்கிவிடும் ஆபத்து உண்டு.

வீட்டில் மிச்சமிருக்கும் சளி மருந்தில் அலர்ஜி மருந்தும் இருக்கிறதே, அதையே கொடுத்துவிடலாமா என்றும் கேட்பார்கள். கூடாது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டிருக்கிறது.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. செட்ரிசின் சிரப் பொதுவாக 5 மில்லியில் 5 மில்லிகிராம். லெவோசெட்ரிசின் சிரப் பொதுவாக 5 மில்லியில் 2.5 மில்லிகிராம். பெயரும் பாட்டிலும் ஒன்றுபோல இருப்பதால், ஒன்று தீரும் முன்பே மற்றொன்றை வாங்கி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டர் எடை பார்த்துச் சொன்ன அளவைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸ் அதை உடம்பில் சேரவிடாது.

கொடுக்கும் முறையும் முக்கியம். தடிப்பு வந்தபோது ஒரு மூடி, அமுங்கியதும் நிறுத்து, மறுபடி வந்ததும் ஒரு மூடி என்று கொடுத்தால் "இந்த மருந்து கேக்கல" என்றுதான் தோன்றும். டாக்டர் சொன்ன நாள்களுக்குத் தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள்.

என் தொழிலைச் சேர்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சீட்டு இல்லாமல் நாலைந்து மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் "செட்டு மாத்திரை" பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. பெயர் எழுதாத மாத்திரையைப் பிள்ளைக்கு வாங்காதீர்கள், எந்தக் கடையாக இருந்தாலும். அட்டையோடு கேளுங்கள், பெயரைப் படியுங்கள்.

## வழி 3: கிளினிக்கில் ஊசி

கிளினிக்கில் காணாக்கடிக்குப் போடும் ஊசியில் பொதுவாக ஃபெனிரமினும், பல சமயம் கூடவே டெக்ஸாமெத்தசோன் அல்லது ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கும். சிரப்பைவிடச் சற்றுச் சீக்கிரம் அடங்கும், உண்மைதான். ஆனால் தூண்டிவிட்ட வைரஸ் உடம்பில் இருக்கும்வரை தடிப்பு திரும்ப வரும். சாயங்காலம் போட்ட ஊசியின் வேகம் விடியற்காலைக்குள் தணிந்ததும் பிள்ளை மறுபடி சொறியும். அப்போது இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி. காய்ச்சல் விட்டு நாலாம் நாள் தானாக நிற்க வேண்டியது நிற்கும்போது கடைசியாகப் போட்ட ஊசிக்கு அந்தப் பெயர் போகும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தில்லை. மிகக் கடுமையான தடிப்புக்குச் சில நாள் மட்டும் டாக்டர் கொடுப்பதில் தவறில்லை. அலர்ஜி சிரப்போடு அதைச் சேர்ப்பதால் சாதாரணக் காணாக்கடியில் பெரிய லாபம் இல்லை என்பதுதான் விஷயம். அடிக்கடி கொடுத்தால் வளர்ச்சி, எலும்பு, நோய் எதிர்ப்பு, ரத்தச் சர்க்கரை என்று பலவற்றைத் தொடும்.

ஊசி உண்மையிலேயே நல்ல தேர்வாகும் இடங்கள் உண்டு: பிள்ளை வாந்தி எடுத்துச் சிரப்பைத் தங்க விடவில்லை, முகமெல்லாம் வீங்கியிருக்கிறது, டாக்டர் சில மணி நேரம் அருகில் வைத்துக் கவனிக்க விரும்புகிறார். மூச்சுத் திணறும் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட்டுவிட்டு "இனி பயமில்லை" என்று வீட்டுக்கு வருவது பெரிய ஆபத்து. அப்படி ஒரு நிலையில் "அட்ரினலின் வேணுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

## வழி 4: குழந்தை மருத்துவர் அல்லது பெரியாஸ்பத்திரி

காய்ச்சல் நிற்காமல் இருந்தால், சிரப் கொடுத்தும் இரண்டு மூன்று நாளில் தூக்கம் திரும்பாவிட்டால், பிள்ளை ஒரு வயதுக்கு உட்பட்டதென்றால், ஏதோ மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தடிப்பு வந்திருந்தால், மற்ற வழிகளை யோசிக்காமல் இதற்கு வாருங்கள். இங்கே கிடைக்கும் பெரிய பலன் மருந்துச் சீட்டு இல்லை, கேள்விகள். நல்ல குழந்தை மருத்துவர் ஒருவர் பத்து நிமிடம் விசாரித்தால் பல ஆயிரம் ரூபாய் டெஸ்ட் சொல்லாததைச் சொல்லிவிடுவார்.

செலவைப் பார்த்தால், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் தோல் பிரிவும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஆனால் புறநோயாளி வரிசைக்குக் காலையிலேயே போய் நிற்க வேண்டும். தினக்கூலி வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். தனியார் கிளினிக்கில் கட்டணம் உண்டு, சாயங்காலம் வேலை முடிந்து போகலாம். சாதாரணக் காணாக்கடிக்கு இரண்டு இடத்திலும் வைத்தியம் ஒன்றேதான். நாள்பட்டதற்கும் குழப்பமானதற்கும் பெரியாஸ்பத்திரியில் எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது தனி வசதி.

டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டிய ஒரு விஷயம் ஆன்டிபயாட்டிக். சளிக் காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் கொடுத்திருப்பார்கள். அஞ்சாம் நாள் உடம்பு தடிக்கும். "இவனுக்குப் பென்சிலின் ஆகாது" என்று வீட்டில் முடிவாகிவிடும். பல சமயம் தடிப்பைக் கொண்டுவந்தது அந்தக் காய்ச்சலின் வைரஸேதான். பென்சிலின் ஆகாது என்று முத்திரை குத்தப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்தைத் தாங்குகிறார்கள். அந்த முத்திரை நிலைத்துவிட்டால் பிற்காலத்தில் பல தொற்றுகளுக்கு வீரியம் கூடிய, விலை கூடிய மருந்துதான் எழுதப்படும். அதற்காக மருந்தை நீங்களே தொடர்ந்து கொடுத்துப் பார்க்கவும் கூடாது. தடிப்பு கண்டதும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். கடைசி வேளை கொடுத்து எத்தனை நேரத்தில் தடித்தது என்பதைச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் சந்தேகம் வலுக்கும். காய்ச்சலுக்கு இந்த நாள்களில் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் போன்றவை தடிப்பைக் கூட்டிவிடலாம்.

## வழி 5: அலர்ஜி டெஸ்ட்

ரத்தத்தில் எடுக்கும் பெரிய பட்டியல் டெஸ்ட்டுகள் இப்போது வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள். சில ஆயிரம் ரூபாய். முதல் முறை வந்த, சில நாளில் போகிற காணாக்கடிக்கு இது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். இந்த டெஸ்ட் பார்ப்பது ஒரு பொருளுக்கு எதிரான ஐ.ஜி.இ. என்ற புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை. அது இருந்தும் அந்தப் பொருளை நிம்மதியாகச் சாப்பிடுகிற பிள்ளைகள் ஏராளம். மொத்த ஐ.ஜி.இ. அளவு குடல் புழு இருந்தாலே ஏறும், கரப்பான் என்ற தோல் நோய் (எக்ஸிமா) இருந்தாலும் ஏறும். சந்தேகமே இல்லாத முப்பது நாற்பது பொருள்களைச் சோதித்தால் ஏதாவது நாலைந்து "பாசிட்டிவ்" என்று வரத்தான் செய்யும். வீட்டில் உடனே பால், கோதுமை, முட்டை, கத்திரிக்காய் எல்லாம் நின்றுபோகும். ஐ.ஜி.ஜி. என்று இன்னொரு வகை உணவு டெஸ்ட்டும் விற்கிறார்கள். அது ஒவ்வாமையையே காட்டாது. சாப்பிட்டுப் பழகிய உணவுக்கு யாருக்கும் இருக்கக் கூடியதுதான் அது.

டெஸ்ட் பலன் தரும் இடம் குறுகியது, ஆனால் முக்கியமானது. வேர்க்கடலை மிட்டாய் தின்ற பத்து நிமிடத்தில் தடித்தது, இரண்டாவது முறையும் அப்படியே ஆனது என்றால், அந்த ஒரு பொருளுக்கான டெஸ்ட்டை அலர்ஜி தெரிந்த டாக்டர் எழுதித் தருவார். தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் என்றால் கிட்டத்தட்ட ஒரு வாரம் முன்பே அலர்ஜி சிரப்பை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பொய்யாகிவிடும்.

## பத்தியம்: எல்லா வழியோடும் ஒட்டிக்கொண்டு வருவது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வீட்டில் பத்தியம் தொடங்கிவிடுகிறது. முட்டை கூடாது, கருவாடு கூடாது, கத்திரிக்காய், தக்காளி, நிலக்கடலை, பால் கூடாது. ரசஞ்சோறும் இட்லியும் மட்டும். ஒரு வாரம் என்று ஆரம்பித்தது மாதக்கணக்கில் நீளும். சத்தான சாப்பாடு மிக அதிகமாகத் தேவைப்படும் வயதில் பிள்ளையிடமிருந்து புரதத்தைப் பிடுங்குகிறோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

சாப்பாட்டு ஒவ்வாமைக்குத் தெளிவான கால அட்டவணை உண்டு. தின்ற சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தடிக்கும். அடுத்த முறை அதே உணவைத் தின்றாலும் தடிக்கும். தின்னாத நாளில் தடிக்காது. மத்தியானம் முட்டை தின்று ராத்திரி ஒன்பது மணிக்குத் தடித்தால், மறுநாள் முட்டையே இல்லாமலும் தடித்தால், முட்டையின் மேல் குற்றமில்லை. கால அட்டவணை பொருந்தினால் அந்த ஒன்றை மட்டும் டாக்டரைப் பார்க்கும்வரை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் தட்டில் இருக்கட்டும்.

மீனுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. மதுரைக்கு மீன் ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஐஸில் வருகிறது. வழியில் குளிர் விட்டுப்போனால் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையிலேயே ஹிஸ்டமின் உருவாகிவிடும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. அதைத் தின்றால் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். ஒரே குழம்பைச் சாப்பிட்ட வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிள்ளைக்கு மீன் ஆகாது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஜிகர்தண்டா குடித்ததும் உதடு வீங்குகிறது என்றால் பாலைக் குற்றம் சொல்லும் முன் ஐஸ்கிரீம், ஐஸ் தண்ணீர் எதிலும் அப்படி ஆகிறதா என்று கவனியுங்கள். குளிர் பட்டாலே தடிக்கும் வகை ஒன்று இருக்கிறது. டாக்டர் முன்கையில் ஐஸ் கட்டியைச் சில நிமிடம் வைத்துப் பார்த்தே அதை உறுதி செய்துவிடுவார். அந்தப் பிள்ளையைக் கிணற்றிலோ கண்மாயிலோ குதித்துக் குளிக்க விடக் கூடாது. உடம்பு முழுதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் ரத்த அழுத்தம் விழுந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடும் ஆபத்து உண்டு. குளிர்ந்த துணி ஒற்றுவதும் இவர்களுக்குப் பொருந்தாது.

## ஆறு வாரம் தாண்டினால்

வாரத்தில் பெரும்பாலான நாள்கள் தடித்து, ஆறு வாரத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட வகை. இதில் சாப்பாடு காரணமாக இருப்பது அரிது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மாஸ்ட் செல்களைத் தூண்டுவது அதிகம். வியர்த்தால் ஊசி முனை அளவில் பொரிவது, பள்ளிப் பையின் வாரும் டவுசர் எலாஸ்டிக்கும் பட்ட இடத்தில் கோடாகத் தடிப்பது இவையெல்லாம் இதே குடும்பம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மட்டும் பிள்ளைக்குப் பொரிகிறது என்றால் அது வெயிலும் வியர்வையும்.

இங்கே கிளினிக் ஊசியையும் பட்டியல் டெஸ்ட்டையும் ஒதுக்கிவிட்டு, தோல் மருத்துவர் ஒருவரிடமே தொடர்ந்து போவதுதான் சரி. சில அடிப்படை ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தைராய்டு பார்ப்பார். புதிய வகை அலர்ஜி மருந்தைத் தினமும் கொடுப்பார். போதாவிட்டால் படிப்படியாக நாலு மடங்கு வரை கூட்டும் முறை மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதை வீட்டில் நாமே செய்யக் கூடாது. அதற்கும் அடங்காத 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒமாலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது, விலை அதிகம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வரை போக வேண்டியிருக்காது. சில மாதங்களிலோ சில வருடங்களிலோ தானாகவே விட்டுவிடும்.

டாக்டரிடம் போகும்போது தடிப்பு மறைந்துவிட்டதே, என்ன காட்டுவது என்று தயங்கி வராமல் இருந்துவிடாதீர்கள். பேனாக் கோடு போட்ட படம் போனில் இருக்கட்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன தின்றது, அந்த வாரம் காய்ச்சல் இருந்ததா, எந்த மருந்து கொடுத்தீர்கள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வாருங்கள். கொடுத்த மருந்தின் அட்டையையும் பாட்டிலையும் பையில் எடுத்துப் போங்கள்.